பாப் யூக்கர்: மாற்று கேட்சராக ஆறு ஆண்டுகள், வானொலியில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள்

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி 16 அன்று, தம் தொண்ணூற்றோராவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளரான பாப் யூக்கர் காலமானார். அப்போது நான் படித்த இரங்கல் குறிப்புகளில் பல ஒரே வார்ப்பில் இருந்தன. ஆட்டக்காரராக ஒன்றும் சாதிக்காதவர், அந்தத் தோல்வியை நகைச்சுவையாக்கிப் புகழடைந்தவர் என்பதே அவற்றின் சாரம். இந்தச் சித்திரத்தை வரைந்து கொடுத்தவர் யூக்கரேதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபாதியைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பேஸ்பால் அதிகம் பழகாதவர்களுக்காகச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யூக்கர் 1934 ஜனவரி 26 அன்று விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1956ஆம் ஆண்டு சொந்த ஊர் அணியான மில்வாக்கி பிரேவ்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறு ஆண்டுகள் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக் ஊர்களில் அலைந்த பிறகு 1962இல்தான் உச்ச நிலையான மேஜர் லீகில் கால் வைத்தார். 1967 முடிவில் ஆட்டத்தை விட்டு விலகினார். ஆறு பருவங்களில் மூன்று அணிகள், 297 ஆட்டங்கள், 14 ஹோம் ரன்கள் (வேலியைத் தாண்டிய அடிகள்), அடிச் சராசரி .200. மட்டை பிடித்த ஐந்து முறைக்கு ஒரு முறை மட்டுமே அடித்துத் தளம் சேர்ந்திருக்கிறார் என்று இதற்குப் பொருள். அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு அடிப்பதில் சற்று விலக்கு கொடுப்பது பேஸ்பாலில் வழக்கம்தான் என்றாலும், .200 என்பது அந்த விலக்கையும் தாண்டிய குறைவு.

இப்போது ஆண்டுவாரியாகப் பாருங்கள். 1962இல் 33 ஆட்டம், 1963இல் 13, 1964இல் 40, 1965இல் 53, 1966இல் 78, 1967இல் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 80. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் என்பதை நினைவில் கொண்டால், மிகவும் பரபரப்பான ஆண்டிலும் அவர் பாதி ஆட்டங்களை உட்கார்ந்தே பார்த்திருக்கிறார். 1963இல் நூற்று ஐம்பதுக்கு நெருக்கமான ஆட்டங்களில் அவருக்கு ஆடும் வாய்ப்பே இல்லை.

அவருக்கு முன்னால் நின்றவர்கள் யார் என்பதும் முக்கியம். மில்வாக்கியில் டெல் கிராண்டல் இருந்தார். அவருக்குப் பின்னால் ஜோ டோரி வளர்ந்துகொண்டிருந்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குப் போனால் அங்கே டிம் மெக்கார்வர். 1967இல் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டிருந்த பழைய பிரேவ்ஸ் அணிக்கே திரும்பியபோது, மீண்டும் அதே டோரி. இவர்களில் எவரையும் ஓரங்கட்டிவிட்டு உள்ளே நுழைவது எளிய காரியமன்று.

மாற்று கேட்சரின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் அணித் தோழர்களுக்குப் பந்து போடுவார். ஆட்டம் தொடங்கியதும், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தயாராகும் இடமான புல்பென்னில் பெரும்பாலும் இருப்பார். உள்ளே போகவேண்டிய பந்துவீச்சாளர் ஒவ்வொருவரையும் கை சூடாக்கி அனுப்புவது அவர் பொறுப்பு. யாருடைய பந்து இன்று வளைகிறது, யாருடைய தோள் தளர்ந்திருக்கிறது, யார் பயந்திருக்கிறார் என்பது பயிற்சியாளருக்கு முன்பே அவருடைய கையுறைக்குத் தெரிந்துவிடும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடந்தால் இரண்டாவது ஆட்டம் அவர் தலையில் விழும். மீதி நேரமெல்லாம் பார்ப்பதும் கேட்பதும் பேசுவதும்தான். ஆறு ஆண்டு மேஜர் லீகும் அதற்கு முந்தைய ஆறு ஆண்டு மைனர் லீகும் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுக் காலம் ஒரு மனிதர் இப்படி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். 1971இல் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தபோது அவர் புதியவர் அல்லர் என்பதே என் வாதம்.

அவருடைய நகைச்சுவைக்கு ஒரே ஒரு மாதிரி சொல்லி நிறுத்துகிறேன். பிரேவ்ஸ் தம்மை மூவாயிரம் டாலருக்கு ஒப்பந்தம் செய்ததாகவும், அவ்வளவு பணம் கையில் இல்லாததால் அது தம் தந்தைக்குப் பெரிய கவலையாகிவிட்டதாகவும் அவர் மேடைதோறும் சொல்வார். கேட்பவர் சிரித்து முடித்த பிறகுதான் பணம் எந்தத் திசையில் போகிறது என்பதே புரியும்.

---

கணக்குப்பிள்ளை:

வைகைக்கரையான் ஐயா, நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது; அதை மரியாதையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

யூக்கர் ஆடிய ஆண்டுகளில் மேஜர் லீகில் இருபது அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியிலும் ஒன்றிரண்டு மாற்று கேட்சர்கள். யூக்கர் செய்த வேலையைத்தான் அவர்கள் அத்தனை பேரும் செய்தார்கள். அதே புல்பென், அதே காத்திருப்பு, அதே இரண்டாவது ஆட்டம். அவர்களில் எத்தனை பேர் ஐம்பத்து நான்கு பருவங்கள் வானொலியில் பேசினார்கள்? பெஞ்சில் உட்கார்ந்ததுதான் காரணம் என்றால், அந்தப் பெஞ்சு இன்னும் பலரை உருவாக்கியிருக்க வேண்டும்.

என் பார்வையில் காரணங்கள் வேறு. முதலாவது, பிறவியிலேயே வாய்த்த பேச்சுத் திறன். மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1964ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்துக்கு முன்பு, வாத்தியக் குழுவினர் மைதானத்தில் வைத்துவிட்டுப் போன டியூபா என்ற பெரிய ஊதுகருவியைத் தூக்கிக்கொண்டு, வானத்திலிருந்து இறங்கும் பந்துகளை அதன் வாயிலே பிடித்துக் காட்டியவர் அவர். அந்தத் தொடரில் கார்டினல்ஸ் யாங்கீஸை நான்குக்கு மூன்று என்று வென்றது. மெக்கார்வர் ஏழு ஆட்டங்களிலும் ஆடினார்; யூக்கர் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஆனாலும் அந்த டியூபா இன்றுவரை பேசப்படுகிறது. இது கற்றுக்கொண்டு வருவதன்று.

இரண்டாவது, தொடர்புகள். ஆட்டத்தை விட்ட பிறகு அட்லாண்டாவில் ஓர் இரவு அரங்கில் மேடையேறியபோது, எக்காளக் கலைஞர் அல் ஹர்ட்டின் கண்ணில் பட்டார். அவர் வழியாகவே ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிக்குப் போனார். அங்கே சுமார் நூறு முறை தோன்றினார். 'மிஸ்டர் பேஸ்பால்' என்ற பட்டமும் கார்சன் கொடுத்ததே. மூன்றாவது, மில்வாக்கிக்காரர் பட் செலிக். 1970இல் திவாலான சியாட்டில் அணியை வாங்கி மில்வாக்கி புரூவர்ஸ் ஆக்கிய செலிக், தம் ஊர்க்காரரான யூக்கரைத் திறமை தேடும் அலுவலராக எடுத்துக்கொண்டார். யூக்கர் அனுப்பிய அறிக்கையில் எழுத்தைவிட உருளைக்கிழங்கு மசியலும் குழம்புக் கறையும்தான் அதிகம் இருந்தன என்று செலிக் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வேலைக்கு அவர் சரிப்படாததால்தான் வானொலிக்கு அனுப்பப்பட்டார். ஆகவே ஆட்ட அறிவு அவரை அங்கே கொண்டு சேர்க்கவில்லை. வாயும் நட்பும் கொண்டு சேர்த்தன.

---

மட்டைக்குப்பின்:

இருவர் எழுதியதிலும் விடுபட்டுப்போன ஒரு பருவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது 1967, அவருடைய கடைசிப் பருவம்.

யூக்கருடைய புள்ளிவிவரங்களில் கேலிக்கு மிக அதிகம் ஆளான ஒன்று, அந்த ஆண்டு நேஷனல் லீகிலேயே மிக அதிகமான 'பாஸ்ட் பால்' அவர் பெயரில் பதிவானது. கேட்சர் பிடித்திருக்கவேண்டிய பந்து அவரைத் தாண்டிப் போய், அதனால் எதிரணி ஓட்டக்காரர் முன்னேறிவிட்டால் அது பாஸ்ட் பால். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் விட்டுவிட்ட பந்தில் பை ஓட்டம் எடுப்பதை நினைத்துக்கொள்ளலாம். அட்லாண்டா அணிக்காக அறுபது ஆட்டங்களை ஒட்டி மட்டுமே இறங்கியவர், முழுப் பருவமும் ஆடிய கேட்சர்களைவிட அதிகப் பந்துகளை விட்டார் என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வராதா? அவரும் அதை வைத்தே சிரிக்க வைத்தார். நக்கிள்பாலைப் பிடிக்க ஒரே வழி, அது உருண்டு நிற்கும்வரை காத்திருந்து கையில் எடுத்துக்கொள்வதுதான் என்பார்.

ஆனால் அந்தப் பந்துகளை வீசியவர் பில் நீக்ரோ. நக்கிள்பால் என்பது விரல் நுனிகளால் பிடித்து, சுழற்சியே இல்லாதபடி தள்ளிவிடப்படும் மெதுவான பந்து. சுழற்சி இல்லாததால், தையலில் காற்று படும் விதத்துக்கேற்ப அது எந்தப் பக்கம் நெளியும் என்று வீசியவருக்கே தெரியாது. அடிப்பவரும் தவறவிடுவார், பிடிப்பவரும் தவறவிடுவார். அதனால் பெரும்பாலான கேட்சர்கள் அந்தப் பந்தைக் கேட்கவே தயங்குவார்கள். மூன்றாம் தளத்தில் எதிரணி ஆள் நிற்கும்போது நக்கிள்பால் கேட்டு, அது கையை ஏமாற்றிவிட்டால், ஓட்டம் போகும். பெயரும் கேட்சருக்குத்தான் கெடும்.

நீக்ரோவே இதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். நீ வெற்றி பெற வேண்டுமானால் எந்த நேரத்திலும் நக்கிள்பாலையே வீசு, பிடிக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யூக்கர் சொன்னதாக. அந்தப் பருவத்தில் நீக்ரோ ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.87 ஓட்டம் மட்டுமே கொடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். யூக்கர் பாஸ்ட் பாலில் முதலிடம் பிடித்தார். இரண்டும் ஒரே நாணயத்தின் கணக்கு. அதுவரை பெரும்பாலும் இடையில் இறங்கும் வீச்சாளராகப் பயன்பட்ட நீக்ரோ, அதன் பிறகு நாற்பத்தெட்டு வயது வரை வீசி 318 வெற்றிகள் பெற்றார். 1997இல், பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார்.

கணக்குப்பிள்ளை அண்ணா, மற்ற மாற்று கேட்சர்கள் ஏன் யூக்கராகவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் தம் பெயருக்குப் பக்கத்தில் பிழைகள் சேர்வதைப் பொருட்படுத்தாமல் இன்னொருவருடைய பந்தை நம்பிக் கையை நீட்டும் குணம் எல்லாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் வானொலியில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் அந்தக் குணத்தை அங்கேயும் அடையாளம் கண்டிருப்பார்கள்.

---

ஏரிக்கரையிலிருந்து:

வேலை நிமித்தம் மில்வாக்கிக்கு அருகே குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் கோடையில் பேஸ்பால் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏணியில் நின்று தம் வீட்டுச் சன்னல் சட்டங்களுக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். ஏணியின் கொக்கியில் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் தொங்கியது. அதிலிருந்து வந்த குரல் ஓர் ஆட்டத்தை வர்ணிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஏதோ மீன் பிடித்த கதை. மிச்சிகன் ஏரியில் படகு, சால்மன், அறுந்த தூண்டில் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கதை பாதியில் நின்றது. பந்து இரண்டாம் தளத்தின் இடப்பக்கம் உருளுவதையும், யார் எடுத்தார், யாருக்கு எறிந்தார் என்பதையும் மூன்று நொடிக்குள் சொல்லி முடித்துவிட்டு, அறுந்த தூண்டிலின் நுனிக்கே அந்தக் குரல் திரும்பி வந்தது. பெரியவர் தூரிகையைக் கூட நிறுத்தவில்லை.

யார் பேசுகிறார் என்று கேட்டேன். "யூக்" என்று மட்டும் சொன்னார். எந்த அணி, என்ன ஆட்டம் என்று விளக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

புரூவர்ஸ் அன்று ஏழெட்டு ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தோற்கிற ஆட்டங்களில்தான் யூக்கர் முழுமையாக வெளிப்படுவார் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே. நெருக்கமான ஆட்டத்தில் அவர் கதை சொல்லவே மாட்டார். ஒவ்வொரு பந்தும், வீச்சாளர் தலையசைப்பதும், தளத்திலிருப்பவர் எத்தனை அடி விலகி நிற்கிறார் என்பதும் வரிசையாக வரும். ஆட்டம் கைநழுவிய பிறகு, கேட்பவர் வானொலியை அணைத்துவிட எல்லாக் காரணமும் இருக்கிற அந்த நேரத்தில், கதைப் பெட்டியைத் திறப்பார். சிறிய நகரத்தின் அணி இது. 1982இல் ஒரே ஒரு முறை உலகத் தொடருக்குப் போய், ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸிடம் தோற்றது. அவர் பேசிய ஐம்பத்து நான்கு பருவங்களில் புரூவர்ஸ் ஒரு முறைகூட உலகத் தொடரை வெல்லவில்லை. தோல்வியோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்று தெரிந்த ஒருவர் இந்த ஊருக்குத் தேவைப்பட்டார்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் நாடு தழுவிய ஒளிபரப்பில் அவர் இருந்தார். பியர் விளம்பரங்கள் வந்தன. 1985 முதல் 1990 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரில் குடும்பத் தலைவராக நடித்தார். 1989இல் வந்த 'மேஜர் லீக்' படத்தில் கிளீவ்லேண்ட் அணியின் வானொலி வர்ணனையாளர் வேடம் ஏற்றார். அந்தப் படத்தின் மைதானக் காட்சிகளில் பெரும்பகுதி மில்வாக்கியின் பழைய கவுன்ட்டி ஸ்டேடியத்தில்தான் எடுக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் ஏப்ரல் வந்தால் அவர் மில்வாக்கி வானொலியில் இருப்பார். பெரிய நகரங்கள் அவரைக் கவர்ந்திழுக்க முடியவில்லை. இங்குள்ளவர்கள் அவர்மீது வைத்த அன்பில் பாதி இந்தக் காரணத்தால்தான்.

---

புதுவாசகி:

எல்லாருக்கும் வணக்கம். இழையை மிகுந்த ஆர்வத்துடன் படிக்கிறேன். ஓர் ஐயம். முன்னாள் வீரர்கள் வர்ணனைக்கு வருவது எல்லா விளையாட்டிலும் உண்டே. கிரிக்கெட்டில் இப்போது பெரும்பாலும் அவர்கள்தானே இருக்கிறார்கள். அப்படியிருக்க யூக்கரிடம் அவ்வளவு தனித்தன்மை என்ன?

---

வைகைக்கரையான்:

நல்ல கேள்வி அம்மா. கணக்குப்பிள்ளை அவர்களின் மறுப்புக்கும் இதிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்க வர்ணனை அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் இருப்பவர் பந்துக்குப் பந்து நடப்பதைச் சொல்பவர். மற்றொன்றில் இருப்பவர் இடையிடையே விளக்கம் தருபவர். முன்னாள் வீரர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டாவது நாற்காலி. முதல் நாற்காலி ஒலிபரப்புத் தொழிலில் படிப்படியாக வளர்ந்தவர்களுக்கு உரியது. 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் அணிக்குப் பேசிய வின் ஸ்கல்லி மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடியவர் அல்லர். யூக்கரும் 1971இல் மெர்ல் ஹார்மன், டாம் காலின்ஸ் ஆகிய இருவருக்கும் துணையாக, விளக்கம் சொல்பவராகத்தான் நுழைந்தார். நியூயார்க்கில் ஓர் ஆட்டத்தின் நடுவே அந்த இருவரும் எழுந்து வெளியே போய்விட்டதையும், தாம் ஒலிவாங்கியோடு தனியாக நடுங்கியதையும் அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரை முதல் நாற்காலிக்குப் பழக்குவதற்காகவே அவர்கள் அப்படிச் செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த நாற்காலி அவருடையதாகவே ஆகிவிட்டது. ஹால் ஆஃப் ஃபேம் ஆண்டுக்கு ஒருவருக்கு வழங்கும் ஃபோர்டு ஃபிரிக் விருது 2003இல் அவருக்குக் கிடைத்தது, இந்த முதல் நாற்காலிப் பணிக்காகவே.

இனித் தொழில் நுணுக்கத்துக்கு வருகிறேன். அவருடைய புகழ்பெற்ற ஹோம் ரன் அறிவிப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். "கெட் அப்! கெட் அப்! கெட் அவுட்டா ஹியர்! கான்!" எழும்பு, எழும்பு, இங்கிருந்து வெளியே போ, போய்விட்டது என்று பந்தைப் பார்த்தே சொல்வது. இதை வெறும் முத்திரைச் சொல்லாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். ஆனால் வானொலிக்காரருடைய சிக்கலை நினையுங்கள். மட்டையில் பட்ட பந்து வேலியைத் தாண்டுவதற்கு நான்கைந்து நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. வர்ணனையாளருக்கும் உறுதியாகத் தெரியாது. முன்கூட்டியே ஹோம் ரன் என்று அறிவித்துவிட்டு வேலியோரத்தில் யாராவது பிடித்துவிட்டால் அவர் கேட்பவரை ஏமாற்றியதாகிவிடும். காத்திருந்தால் கூட்டத்தின் ஆரவாரம் அவருக்கு முன்பே செய்தியைச் சொல்லிவிடும். யூக்கருடைய அறிவிப்பு இந்த நொடிகளுக்கு அளந்து தைத்த சட்டை. முதல் 'கெட் அப்' வெறும் வேண்டுதல். பந்து பிடிபட்டாலும் அது பொய்யாகாது. இரண்டாவதில் நம்பிக்கை ஏறுகிறது. மூன்றாவது சொற்றொடர், பந்து வேலிக்கு மேலே இருக்கும்போதுதான் வரும். கடைசிச் சொல், அது விழுந்த பிறகு. எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ள முடியும்.

இந்த அளவு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? மட்டையில் பட்ட ஓசையை வைத்தே பந்து எவ்வளவு தூரம் போகும் என்று கணிப்பது கேட்சரின் காதுக்குப் பழகிய வேலை. மைதானத்தில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அடிப்பவரைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முழு மைதானமும் அவர் கண்முன்னால் விரிந்திருக்கும். வானொலி வர்ணனையாளரின் அறை எங்கே இருக்கிறது? அதே அடிதளத்துக்குப் பின்னால், சில மாடிகள் மேலே. யூக்கருடைய பார்வைக் கோணம் வாழ்நாள் முழுவதும் மாறவே இல்லை, உயரம்தான் கூடியது.

எனவே கணக்குப்பிள்ளை ஐயா, வாயும் நட்பும் அவரை அறைவாசல் வரை கொண்டு வந்தன என்பதை ஏற்றுக்கொள்கிறேன். உள்ளே ஐம்பத்து நான்கு பருவங்கள் உட்கார வைத்தது வேறு.

---

கணக்குப்பிள்ளை:

பார்வைக் கோணம் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் வாதத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதற்கு வலுச் சேர்ப்பதாக இன்னொன்றும் சொல்கிறேன். யூக்கருக்கு முன்பே இதே பாதையில் நடந்தவர் ஜோ கராஜியோலா. அவரும் கேட்சர், அவரும் செயின்ட் லூயிஸில் ஆடியவர், சிறுவயதில் யோகி பெர்ராவின் எதிர்வீட்டுப் பிள்ளை. தெருவிலேயே தன்னைவிடச் சிறந்த கேட்சர் இருந்தார் என்று தம்மையே கேலி செய்துகொள்ளும் மரபை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தவர் அவர். 1991இல் ஃபிரிக் விருது பெற்றார். யூக்கருக்கு முன்னால் நின்ற அதே டிம் மெக்கார்வரும் பின்னாளில் பெரிய வர்ணனையாளரானார். 2012இல் அதே விருது. மூவரும் கேட்சர்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கும் இப்போது தயக்கமாக இருக்கிறது. ஆனால் மெக்கார்வர் விளக்கம் சொல்வதில் வல்லவர், கராஜியோலா பல துறைகளுக்குப் பரவியவர். ஒரே நகரம், ஒரே அணி, வானொலி, பந்துக்குப் பந்து என்று கடைசிவரை நின்றவர் யூக்கர் மட்டுமே.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கு மிச்சமிருக்கிறது. 1965 ஜூலையில் சாண்டி கோஃபாக்ஸ் பந்தில் அவர் ஹோம் ரன் அடித்தார். அந்தப் பருவத்தில் அமெரிக்காவின் ஆகச் சிறந்த வீச்சாளர் கோஃபாக்ஸ். எத்தனையோ பெரிய அடிகாரர்களால் முடியாத காரியம் அது. அதைக்கூட யூக்கர், கோஃபாக்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போவதை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன் என்று கேலியாகவே சொல்லிவந்தார். ஒரு முறையாவது அந்த அடியைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியிருக்கலாம்.

---

மட்டைக்குப்பின்:

அந்த வருத்தம் எனக்கும் உண்டு அண்ணா. ஆனால் அவர் கேலியின் குறி எப்போதும் தம்மீதே இருந்தது என்பதைக் கவனியுங்கள். வானொலியில் இருந்துகொண்டு ஓர் இளைஞர் பந்தைத் தவறவிட்டதைக் கண்டால், இந்த ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதைத்தான் அவர் பேச்சில் கேட்போம். .200 அடித்தவர் என்று தாமே ஊரறியச் சொல்லிவிட்ட ஒருவரால் .210 அடிப்பவரை இகழ முடியாது. ஆட்டக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். முதுமையிலும் பயிற்சிப் பந்து போட்டுக்கொடுப்பார். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற நாள்களில் உடை மாற்றும் அறைக்குள் அவரையும் இழுத்து, கொண்டாட்டமாகப் பியரால் குளிப்பாட்டுவார்கள்.

2018ஆம் ஆண்டு புரூவர்ஸ் கடைசிச் சுற்றுகள் வரை முன்னேறியது. அப்படி முன்னேறும் அணியின் வீரர்களுக்குப் போட்டி வருமானத்தில் பங்கு உண்டு. யார் யாருக்கு எவ்வளவு என்று அவர்களே கூடி வாக்களித்து முடிவு செய்வார்கள். அந்த ஆண்டு வீரர்கள் யூக்கருக்கு ஒரு முழுப் பங்கு ஒதுக்கினார்கள். பருவம் முழுவதும் ஆடிய வீரருக்குக் கிடைக்கும் அதே தொகை. அவர் அதை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

---

ஏரிக்கரையிலிருந்து:

கடைசி ஆட்டத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது.

2010இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் போய், மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். அதன் பிறகு வயது கூடக்கூட வெளியூர்ப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு உள்ளூர் ஆட்டங்களில் மட்டும் பேசினார். 2024 பருவத்தின்போது அவர் குரல் மெலிந்திருந்தது கேட்பவர் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் 2023 தொடக்கத்திலிருந்தே அவர் நுரையீரல் புற்றுநோயோடு இருந்தார் என்பது, அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் வெளியிட்ட அறிக்கையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

2024 அக்டோபர் 3. நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக மூன்றாவது ஆட்டம். தோற்றால் பருவம் முடிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது புரூவர்ஸ் இரண்டுக்குச் சுழியம் என்று முன்னிலையில் இருந்தது. நான் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு வானொலியை வைத்திருந்தேன். தொலைக்காட்சிப் படம் பல நொடி பின்தங்கும் என்பதால், கண்ணுக்கு வருமுன்பே காதுக்குச் செய்தி வந்துவிடும். பீட் அலோன்சோ அடித்த பந்து வலப்பக்கம் போய் வேலியைத் தாண்டியது. மூன்று ஓட்டங்கள். படத்தில் அவர் இன்னும் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் நான்குக்கு இரண்டு என்று முடிந்தது.

ஒலிபரப்பை முடிக்கும்போது யூக்கர் அதிகம் பேசவில்லை. சொல்கிறேன், இது கொஞ்சம் கொட்டிவிட்டது என்ற அளவில்தான் சொன்னார். தேள் கொட்டியதைச் சொல்வது போல, அவ்வளவுதான். அதுதான் அவர் கடைசியாகப் பேசிய ஆட்டம் என்று அன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

மைதானத்துக்கு வெளியே 2012இல் திறந்த அவர் சிலை ஒன்று நிற்கிறது. இன்னொன்று உள்ளே, மேல்தளத்தின் கடைசி வரிசையில், 2014இல் வைத்தது. முன்வரிசை கிடைக்கும் என்று நம்பிப் போன யூக்கரைக் கடைக்கோடி இருக்கைக்குத் துரத்திவிடும் பழைய பியர் விளம்பரத்தின் நினைவாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவர் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார். பக்கத்து இருக்கை காலியாக விடப்பட்டிருக்கிறது, யாரும் போய் உட்காரலாம். கூரையைத் தாங்கும் பெரிய இரும்புச் சட்டம் அங்கிருந்து ஆட்டத்தின் ஒரு பகுதியை மறைக்கும்.

2025 கோடையில் என் மகளை அழைத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு மூதாட்டி அந்தக் காலி இருக்கையில் அமர்ந்திருந்தார். படம் எடுத்துக்கொள்ளத்தான் வந்திருப்பார், எழுந்துவிடுவார் என்று காத்திருந்தோம். அவர் காதில் வானொலிக் கம்பி இருந்தது. அந்த இன்னிங்ஸ் முடியும்வரை அவர் எழவில்லை, நாங்களும் கேட்கவில்லை.